அக்காவுக்கு டாக்டர் அமைந்த விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் 'நாங்கள் இருவரும் இங்கே சுகம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவேன். இந்தத் தடவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கடிதமே என்பதால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. 'அக்காவுக்குத் தலைசுற்றல் என்று நீங்களே போனில் சொல்லி எத்தனையோ மாதம் ஆகிறது, அரசாங்கக் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்ளும் டாக்டர் ஒருவரைக்கூட உங்களால் அங்கே பிடிக்க முடியவில்லை, எங்கள் தெரு முனையிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார், ஆகவே மாதக் கடைசியில் வந்து அக்காவை இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயுசு பூராவும் தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்தவர் நீங்கள், பிடித்தால் விட மாட்டீர்கள். என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'அத்தான் விருப்பம்போல்' என்று இருந்தது. உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை, அதில் ஒன்றில் உங்கள் மகன் குடும்பம் என்பது எனக்குத் தெரியாததா? கல்யாணத் தரகனாக இருந்த காலத்தில் 'விருப்பம்போல்' என்ற வார்த்தையை நானும் நிறைய உபயோகித்திருக்கிறேன். வர வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்ல அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது டாக்டர் அமைந்துவிட்டார், நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. எப்படி அமைந்தார் என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் பழைய டாக்டர் இருந்தவரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவரை உங்களுக்கும் தெரியும். ஒரு தடவை இங்கே வந்திருந்தபோது கட்டைவிரலை அலமாரிக் கதவில் கொடுத்துவிட்டு அவரிடம்தான் ஓடினீர்கள், கட்டுப் போட்டு முடிப்பதற்குள் உங்கள் உத்தியோகம், வீட்டு வாடகை, பெண்டாட்டி பிறந்த வீடு எல்லாவற்றையும் கறந்துவிட்டார். வீட்டின் முன்னறைதான் அவருக்கு ஆஸ்பத்திரி. சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, ஊர்ப்பட்ட ஜனம் உட்கார்ந்து எழுந்து நடுவில் தொய்ந்துபோயிருக்கும். அதில் உட்கார்ந்தவர்கள் தன்னால் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள், பேசாமல் இருக்க முடியாது. எனக்கு அந்த பெஞ்சுதான் ஆபீஸ். இருமலோடு வந்தவருக்கு ஒரு மகள் இருப்பாள், மூட்டுவலியோடு வந்தவருக்கு ஒரு மருமான் இருப்பான், டாக்டர் உள்ளே கூப்பிடுவதற்குள் பாதிப் பேச்சை முடித்துவிடுவேன். மருந்து கலக்குகிற கம்பவுண்டரை 'அரைச் சீசா' என்று கூப்பிடுவோம். எந்த வியாதிக்கும் அரைச் சீசாவுக்கு மேல் ஊற்ற மாட்டார், "மீதி தன்னால சரியாயிடும்" என்பார், சரியாகியும்விடும். காப்பீட்டு அட்டை புதிதாக வந்தபோது டாக்டர் எங்கள் அட்டைகளை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொருகி, "இங்கயே இருக்கட்டும், நீங்க தொலைச்சிருவீங்க" என்றார். அப்புறம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், கை நடுங்கிய பிறகுதான் அவர் எழுத்து எங்களுக்குப் புரிந்தது, அவ்வளவு மெதுவாக எழுதினார். ஒரு நாள் அவரவர் அட்டையை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த முன்னறையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்தத் தெருவில் போக நேர்ந்தால் நான் எதிர்ச்சாரியில் நடக்கிறேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்படி நடுத்தெருவில் விடப்பட்டவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அட்டை எல்லாரிடமும் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்கிற டாக்டர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பெயர்ப் புத்தகம் கொடுக்கிறார்கள், அதில் இருக்கும் டாக்டர்களில் சிலர் அட்டையை விட்டுவிட்டார்கள், சிலர் ஊரை விட்டுவிட்டார்கள், ஒருவர் உலகத்தையே விட்டுவிட்டார். அதனால் நூலகத்து முன்கூடத்தில் முதியோருக்கென்று ஒரு உதவி மேசை போட்டார்கள். அங்கே உட்கார்ந்து டாக்டர் வீட்டுக்கெல்லாம் போன் செய்து விசாரித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டு வீட்டை இணைத்து வைக்கிற வேலைதானே, நமக்குத் தெரியாததா என்று நான் போய்ச் சேர்ந்தேன். மேசைப் பொறுப்பாளர் ஒரு சின்னப் பெண், நல்ல பெண், கொஞ்சம் கண்டிப்பு. "ஐயா, மூணே கேள்விதான் கேக்கணும். அட்டை இப்பவும் எடுத்துக்கறாங்களா, புது நோயாளிகளைச் சேர்த்துக்கறாங்களா, முகவரி இதேதானா. வேற எதுவும் பேசாதீங்க" என்று சொல்லி, போனிலேயே ஒரு சீட்டை ஒட்டி வைத்தாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். முதல் நாளே ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் வந்தார், கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் போன் போட்டேன். எதிர்முனைப் பெண் அட்டை எடுப்போம் என்றாள், புது ஆளைச் சேர்ப்போம் என்றாள், முகவரி அதேதான் என்றாள். அதோடு வைத்திருக்கலாம். அவள், "என்ன தொந்தரவு அவருக்கு?" என்று கேட்டுவிட்டாள். ஒரு வரனைப் பற்றிக் குறை கேட்டால் என் வாயில் என்ன வரும், சொல்லுங்கள். "ஒரு குறையும் கிடையாதும்மா. தங்கமான மனுஷன். ஆள் திடகாத்திரம். பல்லு அத்தனையும் சொந்தப் பல்லு" என்றேன். "அப்ப எதுக்கு டாக்டர்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். தையல்காரர் தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்கு மேல் வரிசையில எல்லாமே கட்டின பல்லுங்க" என்றார். பொறுப்பாளர் கூப்பிட்டுக் கண்டித்தாள். சரி, இனிமேல் குறையை மறைக்கக் கூடாது, நன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, அடுத்து வந்த ஓவிய ஆசிரியைக்குக் காதில் கொஞ்சம் இரைச்சல் என்றதை, எழுந்திருக்கவே முடியவில்லை, வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள் என்று போனில் சொல்கிற அளவுக்குக் கொண்டுபோனேன். நூலகத்து வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஓவிய ஆசிரியை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, "யாருக்குப் பாவம்?" என்று என்னிடமே விசாரித்தார். நூலகர் அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனாலும் கை நல்ல கைதான். தையல்காரருக்கு அமைந்தது, ஓவிய ஆசிரியைக்கு அமைந்தது, எதிர்வீட்டு மின்வாரியத்தாருக்கும் அவர் சம்பந்திக்கும் ஒரே வீட்டில் அமைந்தது. அமையாமல் இழுத்துக்கொண்டே போனது உங்கள் அக்காவுக்கு மட்டும்தான். அதற்கு நான் காரணமில்லை, அவள்தான். நல்ல நல்ல இடமாகப் பார்த்து அழைத்துப் போனேன், ஒவ்வொன்றையும் தட்டிக்கழித்தாள். முதல் டாக்டர் பக்கத்துத் தெரு, கைராசிக்காரர், பேச்சு வெல்லம். அவளை நன்றாகத்தான் பார்த்தார். வெளியே வந்ததும், "வேண்டாம். வந்தவங்களை நிமிர்ந்து பாக்கத் தெரியல" என்றாள். உன்னைத்தான் அரை மணி பார்த்தாரே என்றால், "நான் மட்டுமா வந்தேன்?" என்கிறாள். மரியாதை தெரிந்த குடும்பத்தில் பிறந்தவள், புருஷனுக்கு ஒரு வார்த்தை 'உட்காருங்கள்' சொல்லவில்லை என்று அவளுக்கு மனசு தாங்கவில்லை. நானும் உள்ளூர சந்தோஷப்பட்டேன்.

இரண்டாவது இடம் பெயர்ப் புத்தகத்தில் கண்டது, மாடிக்கு மேல் மாடி. உங்கள் அக்கா விடுவிடுவென்று ஏறிவிட்டாள். நான் வழியில் நின்று நின்று சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களைப் படித்துக்கொண்டு போனேன், படிக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு. மேலே போனால் டாக்டர் காலி செய்து போய், முடிதிருத்தகம் வந்திருக்கிறது. படியேறிய களைப்பில் கண்ணுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவன் கழுத்தில் துணியைப் போர்த்துவது முடிதிருத்துகிறவர் தொழில். வேண்டாம் என்று சொல்ல மூச்சு வரவில்லை. ஆகவே உங்கள் அக்காவைத் தலைசுற்றலுக்குக் காட்டப் போய் நான் தலைமுடி வெட்டிக்கொண்டு திரும்பினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். வழியெல்லாம் அவள் சிரிக்கவே இல்லை. இந்த மாதிரி விஷயத்துக்கு முன்னெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள். மூன்றாவது டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார், திரையைப் பார்த்தபடியே மருந்து எழுதினார், போகும்போது திரைக்கே வணக்கமும் சொன்னார். அவரையும் தள்ளிவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு டாக்டரா வேணும், மாப்பிள்ளையா வேணும்?" என்று தெருவில் வைத்தே கேட்டேன். "மாப்பிள்ளை விஷயத்துல ஏற்கனவே ஏமாந்தாச்சு. டாக்டரையாவது பாத்து எடுக்கறேன்" என்றாள்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டுக்கு நான் முதன்முதலில் வந்தது வேறு ஒருவருக்காக, நினைவிருக்கிறதா? பையில் ஒரு வங்கி குமாஸ்தாவின் போட்டோ. உங்கள் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து அந்த குமாஸ்தாவை நான் புகழ்ந்த புகழ்ச்சியில் எனக்கே அவர்மேல் பொறாமை வந்துவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், அன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டியிருப்பேன். கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் அக்கா கேட்டாள், "அவர்கிட்ட ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க. குறையே இல்லாதவர்கூட எப்படிக் குடித்தனம் பண்றது?" தொழிலில் இறங்கிய நாள் முதல் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் யோசித்ததைச் சொல்ல ஒரு தடவை வந்தேன். சொன்னதைத் திருத்த இன்னொரு தடவை வந்தேன். கடைசித் தடவை போட்டோவைக் கொண்டுவரவே மறந்துவிட்டேன். உங்கள் அப்பா என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "சரி, தரகர் பேரைச் சொல்லுங்க, அவரைப் பத்தி விசாரிக்கறேன்" என்றார். விசாரித்து எப்படித்தான் சம்மதித்தாரோ. அந்த வங்கி குமாஸ்தா பிறகு பெரிய அதிகாரியாகி இரண்டு வீடு கட்டினார். உங்கள் அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை நேராகவே எழுதிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் 'பல்லு தேச்சாச்சா' என்று குழந்தையைக் கேட்கிற மாதிரி கேட்பாள், எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சல் இல்லாமல் ஒரு நாள் விடிந்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஊரில் எத்தனையோ பேரை ஜோடி சேர்த்து வைத்தவனைக் கடைசிக் காலத்தில் பிரித்து வைப்பது உங்களுக்கு அழகில்லை, மைத்துனரே.

ஆகவே முழுமூச்சாக இறங்கினேன். இரும்புக்கடையின் பின்கட்டில், தரைத்தளத்தில், ஒரு பெண் டாக்டர் இருப்பதாகத் தையல்காரர் துப்புக் கொடுத்தார். அட்டை எடுக்கிறார், ஆனால் புது ஆளைச் சேர்ப்பதில்லை. போன் செய்தால் வரவேற்பில் இருக்கும் அம்மாள், "இடம் வந்தா சொல்லி அனுப்பறோம்" என்கிறார். பெண் வீட்டார் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றால் என்ன அர்த்தம் என்பது தரகனுக்குத் தெரியும். நேரில் போனேன். மறுநாளும் போனேன். நாள் தவறாமல் போனேன். ஒன்றும் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அந்த அம்மாளின் முதுகுவலியை விசாரித்து, அவர் தங்கை மகனுக்கு ஒரு நல்ல இடமும் சொன்னேன். கடைசியில் அவரே, "ஐயா, நீங்க இங்க வந்து வந்து உக்கார்றதைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. டாக்டரே உங்களைக் கவனிச்சுட்டு, யார் அவர், எதுக்கு வர்றார்னு கேட்டாங்க. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போனோம். எப்பேர்ப்பட்ட டாக்டர் தெரியுமா? உங்கள் அக்காவின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று முடித்துவிட்டார். உடனே என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் இப்படி வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருக்கீங்க?" என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்டார். என்னைக் கட்டிலிலேயே உட்காரவைத்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். மார்பில், கையில், காலில் எல்லாம் ஒயரை ஒட்டி ஒரு படம்கூட எடுத்தார்கள். கூட வந்தவனுக்கே இந்த உபசாரம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எனக்கும் ஒரு மாத்திரைச் சீட்டு எழுதித் தந்தார், என் அட்டையையும் வாங்கிப் பதிந்துகொண்டார்கள். வெளியே வந்து, "இவராவது பிடிச்சிருக்கா?" என்று உங்கள் அக்காவைக் கேட்டேன். "பிடிச்சிருக்கு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள், கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை. அன்றிலிருந்து தலைசுற்றல் படிப்படியாகக் குறைந்து வருகிறது.

ஆகவே மாதக் கடைசிப் பயணத்தை நீங்கள் ரத்து செய்துவிடலாம். உங்கள் அக்கா பூரண சுகமாகவும், டாக்டரின் நேரடிப் பார்வையிலும், புருஷனின் பாதுகாப்பிலும் இருக்கிறாள். தங்கச்சிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் படிப்பிலும் பண்பிலும் ஓங்கி, தாத்தாவைப்போல் பிழை பிடிக்காமல் வளர என் ஆசிகள். உங்கள் கட்டைவிரலை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டி அனுப்பச் சொல்லிவிட்டு அவர் உதவி மேசைக்குப் போயிருக்கிறார். படித்துப் பார்த்தேன். தலைசுற்றல் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆள்தான் வேறு.

சுற்றி விழுந்தது அவர். அலமாரியைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார், முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் உன்னிடம் போனில் பேசும்போது அது எனக்கு வந்ததாகச் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவருக்கும் ஒன்றுமில்லை என்று ஆகியிருக்கும். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஊரிலிருக்கும் கிழடு கட்டைக்கெல்லாம் டாக்டர் தேடுகிற மனுஷன், தனக்கென்று சொன்னால் படி ஏற மாட்டார். எனக்கென்று சொன்னால் மலையே ஏறுவார். அதனால் நோயாளியாக நான் போனேன். முதல் டாக்டரிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அவர் பேர்ல தனியா பதிஞ்சுட்டு வாங்க" என்றார். பதிந்தால் வருவாரா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தானாகத் திரும்பிப் பார்க்கிற ஒருவர் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் அத்தனை பேரையும் தட்டிக்கழித்தேன். நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று இந்த டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். உன் அத்தான் நெஞ்சில் டாக்டர் குழாயை வைத்து, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றபோது, பல மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது நான்தான்.

மாதக் கடைசியில் கட்டாயம் வா. என்னை அழைத்துப் போக வேண்டாம், பத்து நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போ. ஆனால் நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே. வருகிறவரைக்கும் தினமும் போன் செய்து, "அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்றே அவரிடம் கேள். இரவு தூங்கினேனா, நெஞ்சு வலித்ததா, மாத்திரை போட்டேனா என்று ஒன்று விடாமல் சொல்வார். அவரைப் பற்றி அவர் உண்மை பேசுகிற ஒரே இடம் அதுதான்.